மேசைக்கு நெருங்கி வந்தவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊரில் இரண்டு பட்டப்பெயர்கள். அவர் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் 'பத்து விரல்' என்பார்கள். கூடைப்பந்து அரங்கத்தில் போன வருஷம் இன்னொரு பெயர் ஒட்டிக்கொண்டது. அதை நான் எழுதப்போவதில்லை. நாக்கில் நரம்பில்லாமல் அதைச் சொன்னவன் எவனாவது இதைப் படித்தால், அவனுக்கே உறைக்கட்டும்.

பத்து விரல் என்ற பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. கண்ணாடி அறுக்கிறவர்களில் நாலு பேரை நிறுத்தினால், ஒருவருக்காவது ஒரு விரல்நுனி இருக்காது. மாமா மட்டும் தடித்த தோல் கையுறை போடாமல் அறுக்கும் மேசைப் பக்கமே போகமாட்டார். வேர்த்து ஊற்றினாலும் கழற்றமாட்டார். கூட வேலை செய்கிறவர்கள் சும்மா விடுவார்களா? "என்னண்ணே, மோதிரம் போட்டுவிட ஆள் வருதா?" என்று ஓட்டுவார்கள். "ஒரு விரல் போச்சுன்னா எனக்கு அஞ்சாறு நம்பர் போச்சுடா" என்பார் மாமா. சாயங்காலமானால் அவர் ரெஃப்ரி. விரல்கள்தான் அங்கே அவருக்கு வாய்.

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்டக்காரன் தப்பாக மோதினால் ரெஃப்ரி விசில் ஊதுகிறார், முஷ்டியை உயர்த்துகிறார். அதோடு வேலை முடியாது. ஆடுகளத்துக்கு வெளியே கணக்கு எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைப் பக்கம் ஓடி வந்து, எந்த நம்பர்காரன் செய்தான் என்று விரலால் காட்ட வேண்டும். பத்து வரைக்கும் விரலை விரித்தால் போதும். பதினொன்றிலிருந்து பதினைந்து வரை வலது கையை இறுக மூடிக்கொண்டு, மிச்சத்தை இடது கையில் காட்ட வேண்டும். அதற்கு மேல் போனால், முதலில் புறங்கையில் எத்தனை பத்து என்று காட்டி, பிறகு உள்ளங்கையைத் திருப்பி மீதியைக் காட்ட வேண்டும். மேசையில் இருப்பவர் அதைப் பார்த்து ஸ்கோர் ஷீட்டில் எழுதுவார். ஒருவன் கணக்கில் ஐந்து ஃபவுல் சேர்ந்தால், அவன் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் கிடையாது.

அந்த எழுதுகிற ஆள் என் அக்கா. பக்கத்தில் கடிகாரத்தை ஓட்டவும் நிறுத்தவும், சைரன் அடிக்கவும் நான். அரங்கத்தில் அவளை எல்லோரும் 'மேசை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த பயிற்சியாளர்கள்கூட அப்படித்தான்.

அவர்கள் கல்யாணமே அந்த மேசையில்தான் முடிவானது. புதிதாக வந்த ரெஃப்ரி ஒருவர், பதிமூன்றைக் காட்டுகிறேன் பேர்வழி என்று இடது கையை மூடி வலது கையை விரித்தார். அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "எது வலது கை, எது இடது கைன்னு வீட்ல கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் எழுதமாட்டேன்" என்றாள். அரங்கமே சிரித்தது. அந்த ரெஃப்ரிக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனால் மறுவாரமே எங்கள் வீட்டுக்குக் கேட்டு வந்துவிட்டார், வலது கையை இல்லை, பெண்ணை. அதோடு சரி, அதற்குப் பிறகு அவர் கை ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருவரும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருகிற இடமென்றால் அந்த அரங்கம்தான்.

அக்கா பகலில் மருந்துக் கடையில் கணக்குப் பார்த்தாள். சில வருஷங்களாகக் கண்ணில் கோளாறு. கண்ணுக்குப் பின்னால் நரம்பு தேய்கிறது என்றார் டாக்டர். "போனது போனதுதாம்மா. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார். கண்ணாடியைத் தடிமனாக்கினார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள். கைக்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்து அவளுக்குத் தெரியும். தள்ளி இருப்பதுதான் கலங்கிவிடும். அலமாரியின் மேல்தட்டில் எந்த மருந்து இருக்கிறது என்று தெரியாமல் ஒரு நாள் மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டாள். நல்லவேளையாக வாங்கியவர் வாசலிலேயே பார்த்துவிட்டார். கடைக்காரர் மரியாதையான மனுஷன். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கக்கா" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

அதற்குப் பிறகு அக்காவுக்கு மிஞ்சியது மேசை ஒன்றுதான். வாரத்தில் மேட்ச் இருக்கிற நாட்களில் காலையிலேயே பேனாக்களை எடுத்து வைத்துவிடுவாள். மற்ற நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோ கேட்பாள். மேசையில் அவள் எழுதுவதில் மட்டும் தப்பே வரவில்லை. அதில் அவளுக்குப் பெருமை தாங்காது. "தெருவுல எதிர்ல வர்ற ஆளு யாருன்னு தெரியல. இவர் விரல் மட்டும் பளிச்சுன்னு தெரியுது பாரு" என்பாள். "அதெல்லாம் பழகின கை" என்று மாமாவும் ஒத்து ஊதுவார்.

எனக்குத்தான் இடித்தது. ரெஃப்ரி மேசையிலிருந்து தள்ளி நின்று காட்ட வேண்டும், அதுதான் முறை. மாமா மேசைக்கு முன்னால் இருக்கும் எல்லைக்கோடு வரைக்கும் வந்து நின்றார். கைகளைக் காற்றில் உயர்த்திக் காட்டாமல் நெஞ்சோடு ஒட்டிக் காட்டினார். பின்னால் இருக்கும் கூட்டத்தின் கலர் கலரான சட்டைகளில் விரல்கள் கலந்துவிடக் கூடாதல்லவா? காட்டும்போதே நம்பரை வாய்விட்டுச் சொன்னார். அக்காவின் பேனா அசைகிற வரை கையை இறக்கவே மாட்டார். மற்ற ரெஃப்ரிகளுக்கும் அதே உத்தரவு. அந்த லீகில் மாமாதான் மூத்தவர். "கூட்டம் கத்துது, கிட்டப் போய்ச் சத்தமா சொல்லுங்கப்பா" என்பார். அவர்களும் தலையாட்டிவிட்டு அப்படியே செய்தார்கள்.

ஒரு நாள் அரங்கத்துக்கு வெளியே டீ குடிக்கும்போது கேட்டுவிட்டேன்.

"அக்காவுக்குத் தெரியலைதானே, மாமா?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "கிட்டப் போனா தெரியுது. நான் கிட்டப் போறேன். அவ்வளவுதானே?"

"அவகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா அன்னைக்கே பேனாவைக் கீழ வெச்சுடுவா. உனக்குத் தெரியாதா அவளை? அவளுக்கு இனிமே இது ஒண்ணுதான்டா மாப்ளே இருக்கு."

எனக்குத் தெரியும். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மேசை மேற்பார்வைக்கு வருகிறவர், வழுக்கைத் தலை, கண் கொத்திப் பாம்பு மாதிரி உட்கார்ந்திருப்பவர், அவர் போன வருஷ சீசனின் நடுவில் என்னிடம் தனியாகச் சொன்னார். "உங்க அக்கா கண்ணாடி தடியாகிட்டே போகுது. ஷீட்ல ஒரு தப்பு வந்தாலும் நான் ஆளை மாத்திடுவேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். அதை மாமாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

போன வருஷ இறுதி ஆட்டம். மஞ்சளுக்கும் நீலத்துக்கும். மஞ்சளில் பதினைந்தாம் நம்பர் ஒரு நெட்டையன். அவன் கையில் பந்து போனால் கூடையில்தான் போய் நிற்கும். அவனுக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல். ஆட்டம் முடியப்போகிற நேரம், இரண்டு அணியும் ஒன்றுக்கொன்று விட்டுக் கொடுக்காமல் சரிசமமாக வந்து நின்றன. அரங்கத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. கூடையின் கீழே ஒரு மோதல். மாமா விசில் ஊதினார். நான் கடிகாரத்தை நிறுத்தினேன்.

மாமா மேசையை நோக்கி ஓடி வந்தார். ஆனால் அந்த நேரம் பார்த்து, மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். நீலத்தின் பயிற்சியாளர் வேறு கோட்டைத் தாண்டி வந்து மேற்பார்வையாளரிடம் கத்திக்கொண்டிருந்தார். மாமாவால் கிட்டே வரமுடியவில்லை. தள்ளியே நின்று காட்டினார். வலது கை மூடியிருந்தது. இடது கையில் நாலு விரல், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. பதினாலு. வாய் அசைந்தது, சத்தம் எங்களுக்கு வரவில்லை. நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், பதினாலு.

அக்கா பதினைந்துக்கு நேரே எழுதினாள். ஐந்து என்ற அட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

நெட்டையன் தலையில் கை வைத்துக்கொண்டான். நீலத்தின் பக்கம் தலைகால் புரியாமல் குதித்தார்கள். மாமா மேசைக்கு வந்து ஷீட்டைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து, சரியாகச் செய்த ஆளுக்கு இருக்கும் தெம்போடு உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வையாளர் பயிற்சியாளரை விட்டுவிட்டுத் திரும்பினார். "என்னாச்சு? மேசையில தப்பா?" என்று கேட்டார்.

'நான் பதினாலுதான் காட்டினேன், மாற்றி எழுதிவிட்டார்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. மேசையில் தப்பு வருவது உலகத்தில் இல்லாததில்லை. திருத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள்.

"இல்ல, மேசை சரிதான்," என்றார் மாமா. "நான்தான் தப்பா காட்டிட்டேன். அது பதினாலு."

அக்கா அடித்துத் திருத்தினாள். நெட்டையன் உள்ளேயே இருந்தான். கடைசிக் கூடையையும் அவனே போட்டான். நீலம் தோற்றது.

இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்பீர்கள். வந்ததே! ரெஃப்ரி முதலில் பதினைந்து காட்டியிருக்கிறார், அவரே ஒப்புக்கொள்கிறார். மேசையும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நெட்டையனுக்கு ஐந்தாகிவிட்டது என்று அட்டை எழும்பியதும் நம்பரை மாற்றுகிறார். அந்த நெட்டையனே ஜெயிக்க வைக்கிறான். நீலத்தின் ஆட்கள் இதைக் கோத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? "ஆளைக் காப்பாத்த நம்பரை மாத்திட்டான்" என்று அங்கேயே கத்தினார்கள். பத்துப் பேர் போனில் படம் எடுத்திருந்தார்கள். பார்வையாளர்கள் உட்காருவது எதிர்ப்பக்கம். ஒவ்வொரு படத்திலும் மாமாவின் முதுகுதான் இருந்தது, கை இல்லை.

கூடைப்பந்து சங்கத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். "இத்தனை வருஷத்துல நீங்க நம்பர் தப்பா காட்டினதே இல்லையே சார்?" என்று கேட்டாராம் செயலாளர். "வயசாயிடுச்சு" என்றாராம் மாமா. விசிலை வாங்கிக்கொண்டார்கள். நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். மாமா கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை. நல்லது செய்கிறவர்கள் தங்கள் தலையை மட்டும் கொடுப்பதில்லை, பக்கத்தில் இருப்பவன் வாயையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

ஊர் பேசியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அக்கா பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கண்ணால் ஐந்து விரலைப் பார்த்திருக்கிறாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இந்த மனுஷனின் விரல் தவறாது என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை. அப்படியானால் காட்டியது சரி, மாற்றியதுதான் பொய். வேறு எப்படி யோசிப்பாள்?

நான் இருக்கும்போதே கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்க. எவ்வளவு வாங்கினீங்க?"

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த கை அப்படியே நின்றது. "தப்பா காட்டிட்டேன்னு சொன்னேனே" என்றார்.

"நீங்களா? தப்பா காட்டுறதா? இதை வேற யார்கிட்டயாவது சொல்லுங்க. அந்த மேசையில உக்காந்து நான் எழுதியிருக்கேன். என் முகத்துல கரியைப் பூசிட்டீங்க."

நான் வாயைத் திறந்தேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், துணி எடுத்து வைப்பாள், பேச மட்டும் மாட்டாள். மாமா கடைக்குப் போவார், வருவார். வீட்டுக்குள் வாடகைக்கு இருக்கிற ஆள் மாதிரி ஓசைப்படாமல் நடப்பார்.

புதிய சீசன் தொடங்கியது. அக்கா காலையிலேயே பேனாக்களை எடுத்து வைத்தாள். மாமா அவள் பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, என்னைத் தனியாக அழைத்து, "புது ரெஃப்ரிங்ககிட்ட கிட்ட வந்து சொல்லச் சொல்லேன்" என்றார். நானும் கேட்டுப் பார்த்தேன். மாமா இடத்துக்கு வந்தவர் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர். "முறைப்படி எங்க நிக்கணுமோ அங்கதான் சார் நிப்போம். பழைய ஆள் மாதிரி மேசையில வந்து சாயமாட்டோம்" என்றார்.

முதல் ஃபவுல் வந்தது. புது ரெஃப்ரி ஓடி வந்தார், முறைப்படி தள்ளி நின்றார், கைகளை உயர்த்திக் காட்டினார், இறக்கினார். அழகாகத்தான் காட்டினார். அக்காவின் பேனா அசையவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ரெஃப்ரி மறுபடி காட்டினார். அக்கா முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்தத் திசையையே பார்த்தாள். "எட்டு" என்று மெதுவாகச் சொன்னேன். எழுதினாள். அடுத்ததற்கும் நான்தான் சொன்னேன். மூன்றாவதற்கு நான் சொன்னபோது அவள் எழுதவில்லை.

"அவர் எங்க வந்து நிப்பார்?" என்று கேட்டாள்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இங்க" என்று மேசைக்கு முன்னால் இருந்த கோட்டைக் காட்டினேன். "கையை நீட்டினா தொடலாம். அவ்வளவு கிட்ட."

அக்கா அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி, மேற்பார்வையாளர் பக்கம் தள்ளி வைத்தாள். "எனக்குக் கண்ணு தெரியல சார். வேற ஆளைப் போட்டுக்கங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவள் யார் தோளையும் பிடித்ததில்லை.

மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனாள். செயலாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். குறை சொல்ல முடியாத மனுஷன்.

"அன்னைக்கு ஒரு நாள்தான் அவரால மேசைகிட்ட வர முடியல. அவர் பதினாலுதான் சார் காட்டினார். நான்தான் மாத்தி எழுதிட்டேன். என்னைக் காப்பாத்தறதுக்காகப் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டார்."

"அவர் பதினாலு காட்டினதை நீங்க பாத்தீங்களாம்மா?"

"எனக்குத்தான் சார் கண்ணே தெரியலையே!"

செயலாளர் சங்கடமாக மேசையைத் துடைத்தார். "அதைத்தாம்மா நானும் சொல்றேன். கண்ணு தெரியலைன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அவர் என்ன காட்டினார்னு நீங்க எப்படி சாட்சி சொல்ல முடியும்?"

"நான் பார்த்தேன் சார்," என்றேன்.

"நீங்க அவங்க தம்பி," என்றார் செயலாளர். "விசாரணை நடந்தப்ப நீங்க வரவும் இல்ல. நான் நம்பினாலும் நீலத்துக்காரங்க நம்பணுமே. காட்டினவரே பதினஞ்சுன்னு சொல்லியிருக்கார். நான் என்னம்மா செய்ய?"

அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது மாமா கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். அத்தனை நாள் கழித்து அவள் பேசியதில் மாமாவுக்குக் கையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அவருக்கு எதிரே, முழங்கால் முட்டுகிற அளவுக்குக் கிட்டத்தில், அவளும் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காட்டினதைக் காட்டுங்க."

"எதை?"

"எதைன்னு உங்களுக்குத் தெரியும்."

மாமா என்னை முறைத்தார். "நான் ஒண்ணும் சொல்லல மாமா" என்றேன்.

"அது முடிஞ்சு போனது. விடும்மா."

"காட்டுங்க."

மாமா வலது கையை மூடினார். இடது கையை நெஞ்சுக்கு முன்னால் விரித்தார். ஐந்து விரலும் விரிந்திருந்தன. "இதுதான் காட்டினேன். நான்தான் தப்பா..."

அக்கா அந்தக் கையைப் பிடித்தாள். சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள். கட்டைவிரலுக்கு வந்ததும் நின்றாள். அதை மெதுவாக மடக்கி, அவர் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்தாள். மாமா கையை இழுக்கவில்லை.

"எவ்வளவு வாங்கினீங்கன்னு கேட்டேனே," என்றாள் அக்கா. "அப்பக்கூடச் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சொல்லியிருந்தா நீ மறுபடி மேசைக்குப் போயிருக்கமாட்டியே" என்றார் மாமா.

அக்கா அந்த விரலை விடாமல், அவர் கையிலேயே முகத்தை வைத்து வாய்விட்டு அழுதாள். மாமாவும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.